ஹாலில் எம்டன் படம் மாட்டுவதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குப் பழைய போர்க்கப்பல்கள் என்றால் உயிர். அவருக்காக, முதல் உலகப் போரில் சென்னையைச் சுட்ட ஜெர்மன் கப்பலான எம்டனின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை 36-க்கு 24 இன்ச் அளவில் ஃப்ரேம் போட்டு சென்னை வீட்டு ஹாலில் மாட்ட ஆசைப்படுகிறீர்கள். ஆன்லைனில் ‘விண்டேஜ் பிரின்ட்’ என்று போட்டு விற்பதை வாங்கலாமா, நாமே பிரின்ட் போட்டுக்கொள்ளலாமா, கேன்வாஸா பேப்பரா, கீழே ஒரு பெயர்ப் பலகை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக மாட்டலாம். ஆனால் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்குப் படம் தேடுவது தலைகீழ் வேலை. அந்தப் படம் எந்த நெகட்டிவிலிருந்து வந்தது, அது இப்போது யாரிடம் இருக்கிறது, எவ்வளவு பெரிய ஸ்கேன் கிடைக்கும் என்பதை முதலில் பாருங்கள். அளவு, பேப்பர், ஃப்ரேம் எல்லாம் அதற்குப் பின்னால் தானாக வரும். விற்பவர்களில் பெரும்பாலோர் இந்த முதல் கேள்விக்கு வாயே திறப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், அது எந்த எம்டன்? ஜெர்மன் கடற்படையில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் உண்டு. நமக்கு வேண்டியது முதல் எம்டன். அன்றைய ஜெர்மனியின் டான்சிக் நகர அரசுக் கப்பல் தளத்தில் கட்டி 1908 மே மாதம் தண்ணீரில் இறக்கினார்கள், 1909 ஜூலையில் பணிக்கு வந்தது. நீளம் 118 மீட்டர் சொச்சம், அகலம் பதிமூன்றரை மீட்டர், மூன்று புகைபோக்கிகள், இரண்டு பாய்மரக் கம்பங்கள், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. 1910-இல் சீனாவில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள், அதோடு சரி, அது ஊர் திரும்பவே இல்லை. இரண்டாவது எம்டன் 1916-இல் வந்தது, மூன்றாவது 1925-இல். இணையத்தில் ‘எம்டன்’ என்று தேடினால் மூன்றும் கலந்துதான் வரும், விற்பவரும் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்.

பிரித்தறிவது கடினமில்லை. புகைபோக்கி இரண்டே இருந்தால் அது மூன்றாவது எம்டன், சென்னைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்று புகைபோக்கி இருந்தும் கப்பலின் மூக்கில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் தெரிந்தால் அது இரண்டாவது, ஏனென்றால் முதல் எம்டனின் நினைவாகத்தான் அந்தச் சிலுவையையே வைத்தார்கள். முதல் கப்பலின் மூக்கில் அப்படி எதுவும் இருக்க வழியில்லை. பீரங்கிகளையும் பாருங்கள்: முன்தளத்தில் இரண்டு பக்கத்துக்குப் பக்கம், பின்பக்கம் அதே மாதிரி இரண்டு, நடுவில் இரு ஓரங்களிலும் மும்மூன்று. ஒரே ஒரு சிக்கல் அதன் உடன்பிறப்பான டிரெஸ்டன். அதுவும் மூன்று புகைபோக்கிதான், ஏறத்தாழ அதே முகவெட்டு. 1915 மார்ச்சில் சிலி நாட்டுத் தீவு ஒன்றின் அருகே அது முடிந்துபோனது, ஆனால் அதன் படங்கள் எம்டன் என்ற பெயரில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆவணக் காப்பகத்தின் பதிவு எண்ணும் குறிப்பும் இருக்கிற படமாக எடுத்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அடுத்து, ‘சென்னையைத் தாக்கும் எம்டன்’ என்று ஒரு படம் விற்பனைக்கு வந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஏறத்தாழ ஒன்பதரை மணிக்கு எம்டன் கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் வந்து நின்று, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. 130 குண்டு அளவுக்குச் சுட்டுவிட்டு அரைமணி நேரத்துக்குள் இருட்டில் போய்விட்டது. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் மேல் இருந்த கலங்கரை விளக்கம் அன்றைக்கு எரிந்துகொண்டிருந்தது, துறைமுக விளக்குகளும் அணைக்கப்படவில்லை. அந்த இருட்டில் கடலில் நகரும் கப்பலைப் படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேட்டும் லென்ஸும் அன்றைக்கு இந்த ஊரில் யாரிடமும் இல்லை. ஆகவே அப்படிப் போட்டு விற்பது ஒன்று ஓவியம், அல்லது பகலில் வேறெங்கோ எடுத்த படத்தை இருட்டடித்து நெருப்பை ஒட்டியது. அந்தச் சம்பவத்தில் உண்மையாகவே புகைப்படம் ஆனது எரிந்த எண்ணெய்த் தொட்டிகள்தான், அஞ்சலட்டையாகக்கூட விற்றார்கள். கப்பலை விடச் சம்பவம்தான் அப்பாவுக்குப் பெரிது என்றால் அந்தத் தொட்டிப் படத்தைத் தேடுங்கள் என்பேன். ஹாலில் அலங்காரமாக இருக்குமா என்றால், இருக்காது. புகையும் கருகிய தகரமும்தான், படிக்கிற அறைக்கு நல்லது.

இன்னொரு விஷயத்தையும் யாரும் சொல்வதில்லை. எம்டனின் அழகான படங்கள் எல்லாமே சமாதான காலத்தவை. கிழக்காசியப் பணியில் இருந்த ஜெர்மன் கப்பல்களுக்கு அப்போது வெள்ளை உடல், மேற்கட்டுமானத்துக்கும் புகைபோக்கிக்கும் மஞ்சள் கலந்த காவி. அந்த வெள்ளைக்காகத்தான் ‘கிழக்கின் அன்னம்’ என்று அதற்குச் செல்லப்பெயரே வந்தது. போர் தொடங்கியதும் சாம்பல் நிறத்துக்குப் போய்விட்டார்கள், போதாததற்கு கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரியட்டும் என்று பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றையும் நிறுத்தினார். வங்கக் கடலில் வேட்டையாடிய எம்டன் வேறு தோற்றம், நாம் சுவரில் மாட்டப்போகும் எம்டன் வேறு தோற்றம். இதில் தவறொன்றும் இல்லை. அழகுக்காக மாட்டுகிறோம், வெள்ளைக் கப்பல்தான் அழகு. தெரிந்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வகைப் படம் சிதிலங்கள். 1914 நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதைப் பிடித்துவிட்டது. சிட்னியிடம் ஆறு இன்ச் பீரங்கிகள், எம்டனிடம் நாலு இன்ச்சை ஒட்டியவை, தூரத்திலிருந்தே அடித்து நொறுக்க முடிந்தது. மூழ்காமல் இருக்க முல்லர் அங்கேயே வடக்குக் கீலிங் தீவின் பவளப் பாறையில் கப்பலை ஏற்றிவிட்டார். 130 பேருக்கு மேல் செத்தார்கள். புகைபோக்கிகள் சரிந்து, முன்கம்பம் இல்லாமல், பாறையில் சாய்ந்து கிடக்கிற அந்தப் படங்கள் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் ஏராளம். புகைப்படமாகப் பார்த்தால் எம்டனின் படங்களிலேயே வலுவானவை அவைதான், விவரமும் நன்றாக இருக்கிறது. ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அத்தனை பேர் செத்த இடத்தை மாட்டுவீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் மாட்ட மாட்டேன்.

சரி, கோப்பு எங்கே கிடைக்கும்? சமாதான கால எம்டன் படம் ஒன்று ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, சிங்டாவ் துறைமுகத்தில் நிற்கிற படம். விக்கிப்பீடியா தொடங்கி எல்லா இடத்திலும் நீங்கள் பார்த்திருப்பது பெரும்பாலும் அதுதான். அந்தக் காப்பகம் 2008 டிசம்பரில் பல்லாயிரக்கணக்கான படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியாவுக்குக் கொடுத்தது, பெரிய மனசுதான், ஆனால் கொடுத்தவை சிறிய கோப்புகள். நீளப் பக்கம் சுமார் 800 பிக்சல். நல்ல பிரின்ட்டுக்கு ஓர் இன்ச்சுக்கு 200 பிக்சலாவது வேண்டும் என்று வைத்தால் 800 பிக்சல் நான்கு இன்ச்சுக்குத்தான் வரும். அதை 36 இன்ச்சுக்கு இழுத்தால் இன்ச்சுக்கு 22 பிக்சல். கப்பல் என்று தெரியும், அவ்வளவுதான். ஆன்லைனில் விற்கிற ‘பிரீமியம் எம்டன் வால் ஆர்ட்’ பலவும் இந்த 800 பிக்சல் கோப்பைப் பெரிதாக்கியதுதான் என்று நான் நினைக்கிறேன். சோதிக்க ஒரு வழி இருக்கிறது, விற்பவரிடம் கம்பத்திலிருந்து இறங்கும் கயிறுகள் தெரிகிற மாதிரி ஒரு மூலையை மட்டும் முழு அளவில் அனுப்பச் சொல்லுங்கள். உண்மையான ஸ்கேன் இருப்பவர் அனுப்பிவிடுவார்.

இப்போது இதற்கு ஒரு புது வைத்தியம் வந்திருக்கிறது, செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிதாக்குவது. போனில் பார்க்க அசத்தலாக இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: கம்பத்துக் கயிறு பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து ஒன்று ஆகாயத்தில் முடியும், பக்கவாட்டில் வரிசையாக வட்டமாக இருக்க வேண்டிய சன்னல்கள் சில இடத்தில் நீள்சதுரமாகும், சில இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தளத்தில் நிற்கும் மாலுமிகள் மெழுகுத் திரிகள் ஆகிவிடுவார்கள், ஓரத்தில் மூன்று பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை இருக்கும். கருவிக்குக் கப்பல் தெரியாது, பழைய படத்தின் மணிமணியான புள்ளிகளைப் பார்த்து ஏதோ ஒன்றை ஊகித்து வரைகிறது. பூ, மலை என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். கப்பல் பைத்தியம் பிடித்த ஒருவருக்குக் கொடுக்கிற பரிசில் இது கூடவே கூடாது, அவர் முதல் நாளே பீரங்கியை எண்ணுவார். வண்ணம் ஏற்றிய படங்களுக்கும் இதே பதில்தான்.

அதற்காகப் பழைய படம் எல்லாம் அப்பழுக்கற்றது என்றும் எண்ண வேண்டாம். அன்றைய கண்ணாடிப் பிளேட்டுகள் பெரும்பாலும் சிவப்பைப் பார்க்காதவை, நீலத்தை அளவுக்கு மீறிப் பார்ப்பவை. அதனால்தான் பழைய கப்பல் படங்களில் ஆகாயம் வெறும் வெள்ளைத் தாளாக இருக்கிறது, சிவப்புப் பட்டை கறுப்பாகத் தெரிகிறது. வெறும் ஆகாயம் விலை போகாது என்று ஸ்டுடியோக்காரர்கள் வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தைச் சேர்த்து அச்சிட்டார்கள், அஞ்சலட்டைக் கம்பெனிகள் நின்ற கப்பலுக்குப் புகையும் அலையும் வரைந்து ஓட வைத்தன. ஆகவே நீங்கள் வாங்கும் படத்தில் ஆகாயம் வெறுமையாக இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள், கடையில் ‘கொஞ்சம் மேகம் போட்டுத் தரட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்கள் முன் இரண்டு வழி. எம்டன்தான் வேண்டும் என்றால், காப்பகத்திடமே பணம் கட்டிப் பெரிய ஸ்கேன் கேளுங்கள். ஆவணக் காப்பகங்களும் போர் அருங்காட்சியகங்களும் வழக்கமாகச் செய்கிற சேவைதான் அது, மின்னஞ்சலில் படத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, வீட்டில் மாட்ட என்று எழுதினால் போதும். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் சின்ன கோப்பையே வைத்துக்கொண்டு படத்தைச் சின்னதாகப் போடுங்கள். நான்கு இன்ச் நீளத்தில் ஒரு படம், சுற்றி நாலைந்து இன்ச் வெள்ளை அட்டை மவுண்ட், மெல்லிய கறுப்பு ஃப்ரேம். மொத்தம் 14-க்கு 12 இன்ச் வரும். பலருக்கு இது கஞ்சத்தனம் மாதிரித் தோன்றும், ஆனால் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆட்கள் கிட்ட வந்து குனிந்து பார்ப்பார்கள். பெரிய மங்கல் படத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவார்கள்.

36-க்கு 24 கட்டாயம் வேண்டும், சுவர் காலியாகக் கிடக்கிறது என்றால், கப்பலை மாற்றுவது பற்றி யோசியுங்கள். அந்த அளவைத் தாங்கும் ஸ்கேன்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் டெட்ராய்ட் பப்ளிஷிங் கம்பெனியின் கண்ணாடி நெகட்டிவ்கள் இருக்கின்றன, பல எட்டுக்குப் பத்து இன்ச் பிளேட்டுகள். 1890-களில் எட்வர்ட் ஹார்ட் என்பவர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைச் சுற்றிச் சுற்றி எடுத்த படங்களும் அதில் அடக்கம். டிஃப் என்கிற தரம் குறையாத பெரிய கோப்பை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். கப்பலின் கைப்பிடிக் கம்பியை எண்ணலாம், கொடியில் காற்றுத் திசை தெரியும், படகில் உட்கார்ந்திருப்பவரின் மீசை தெரியும். ஒலிம்பியா மாதிரி ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால், 1898 மே 1 மணிலா விரிகுடாச் சண்டையில் அமெரிக்கத் தளபதி டூயியின் தலைமைக் கப்பல் அது, இன்றைக்கும் பிலடெல்பியாவில் மிதந்துகொண்டிருக்கிறது. அப்பா அதன் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லலாம்.

என்னைக் கேட்டால் ஹூட். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதைப் போல நீண்டு தாழ்ந்த வடிவம் வேறெதற்கும் வரவில்லை, 262 மீட்டர், நம் எம்டனைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1923-24-இல் பேரரசின் பலத்தைக் காட்டுவதற்கென்று ரிப்பல்ஸ் என்ற இன்னொரு போர்க்கப்பலோடு உலகம் சுற்ற அனுப்பினார்கள், 1924 ஜனவரியில் திருகோணமலைக்கு வந்தது, மார்ச்சில் மெல்போர்ன் போனது. அங்கே ஆலன் கிரீன் என்ற புகைப்படக்காரர் அதை எடுத்த படம் விக்டோரியா மாநில நூலகத்தில் இருக்கிறது, பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாக எடுத்த, பதினைந்து இன்ச் பீரங்கிகள் தெரிகிற படம். பதினேழு வருஷம் கழித்து, 1941 மே 24-இல், ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் குண்டு பட்டு வெடித்து 1,415 பேரோடு போய்விட்டது, பிழைத்தவர்கள் மூன்றே பேர். அப்பாவுக்குத் திருகோணமலைப் பக்கம் உறவோ நினைவோ இருந்தால் எம்டனை விட இது பொருத்தம்.

பதிப்புரிமை பற்றி இரண்டு வரி. 1914-க்கு முந்தைய படத்தை உங்கள் வீட்டில் மாட்ட யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நாலு பிரின்ட் போட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் அந்தந்தக் காப்பகத்தின் விதியைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் படம் என்றால் பெயர் குறிப்பிட்டாக வேண்டும், லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் வணிகத்துக்குத் தனி அனுமதி கேட்கும்.

யாராவது ‘இது அந்தக் காலத்து ஒரிஜினல் பிரின்ட்’ என்று சொல்லி விலையை ஏற்றினால் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை, நகைக் கடைக்காரர் கண்ணில் வைப்பாரே அதை, படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ வெட்டியது. சிதறிய நுண்துளிகள், அதிலும் நீலம், சிவப்பு என்று கலந்து தெரிந்தால் இங்க்ஜெட். புள்ளியே இல்லாமல் புகை மாதிரி ஒரே சீராக இறங்கினால்தான் உண்மையான வெள்ளி பிரின்ட், அதாவது வெள்ளிப் பூச்சில் படம் உருவான அந்தக் காலத்துப் பிரின்ட். நூறு வருஷத்து வெள்ளி பிரின்ட் என்றால் பெரும்பாலும் கறுப்பான ஓரங்களில், சாய்த்துப் பிடிக்கும்போது, நீலம் கலந்த உலோகப் பளபளப்பு ஒன்று மேலெழும். அது அழுக்கு இல்லை, வெள்ளியே மேற்பரப்புக்கு வந்திருக்கிறது, துடைக்கப் போகாதீர்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே கைக்கு வந்தால் அதை மாட்டாதீர்கள், ஸ்கேன் எடுத்து நகலை மாட்டிவிட்டு அதை அமிலமில்லாத உறையில் போட்டு அலமாரியில் வையுங்கள்.

பிரின்ட்டுக்கு வருவோம். கேன்வாஸ் வேண்டாம். துணியின் நெசவு வரியும் கப்பலின் கயிறுகளும் ஒரே தடிமனில் வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். பழைய புகைப்படம் துணியில் இருந்ததும் இல்லை. ஃபிளெக்ஸ் பிரின்ட் கடைக்காரர் சன்போர்டில் ஒட்டி மேலே மேட் லேமினேஷன் போட்டுத் தருகிறேன் என்பார், விலை குறைவு, கல்யாண வரவேற்புப் பலகைக்குச் சரி. உங்களுக்கு வேண்டியது பிக்மென்ட் மை, பருத்திப் பேப்பர் அல்லது பேரியம் பூச்சுள்ள பரைட்டா பேப்பர். ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 கிராம் என்று கேட்டால் ஃபைன் ஆர்ட் பிரின்ட் போடும் இடங்களில் உடனே புரிந்துகொள்வார்கள். ஒன்று மட்டும் கவனம்: கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ண மைகளைக் கலந்து போடும் பிரின்டரில் போட்டால் வெயிலில் சரியாக இருக்கும், டியூப் லைட்டில் பச்சை அடிக்கும். சாம்பல் மைகள் இரண்டு மூன்று தனியாக உள்ள பிரின்டரா என்று கேளுங்கள். முதலில் நடுப்பகுதியை மட்டும் ஏ4-இல் சோதனையாகப் போட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய், மாட்டப் போகும் சுவரில் இரவு விளக்கில் பாருங்கள். செபியா ஃபில்டர் போட்டுக் காபிக் கறையாக்க வேண்டாம், 1910-களின் பிரின்ட்டுகள் பெரும்பாலும் நல்ல கறுப்புதான். ‘ஷார்ப்’ பண்ணவும் விடாதீர்கள், கப்பலின் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்துவிடும்.

வெட்டுவதிலும் கை நடுங்க வேண்டும். பக்கவாட்டுக் கப்பல் படம் என்றாலே நீளப் பட்டையாக வெட்டிவிட ஃப்ரேம் கடைக்காரருக்குக் கை அரிக்கும். ஆகாயத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டால் அது பொம்மைக் கப்பல் ஆகிவிடுகிறது. முன்பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் கடல் இருக்கட்டும். பிளேட்டின் ஓரத்தில் வெள்ளையாகக் கீறி எழுதிய எண்ணோ பெயரோ இருந்தால் அதை நிச்சயம் விட்டுவையுங்கள், அதுதான் அந்தப் படத்தின் அடையாள அட்டை.

ஃப்ரேம் விஷயத்தில் சென்னையில் எதிரி வெயிலை விட ஈரம். பிரின்ட் கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஒரு மழைக்காலத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் படம் கண்ணாடியோடு வந்துவிடும். நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டிய மவுண்ட் போர்டு வைப்பது அழகுக்கு மட்டுமில்லை, அந்த இடைவெளிக்காகத்தான். அமிலமில்லாத போர்டு என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண போர்டு சில வருஷத்தில் வெட்டிய விளிம்பில் மஞ்சளாகி அந்த மஞ்சளைப் படத்துக்கும் கொடுக்கும். கடையில் படத்தின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி ஒட்டுவார்கள், ஐப்பசி மழையில் அது அப்பளம் மாதிரி அலை அலையாக எழும்பும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்துத் தொங்கவிடச் சொல்லுங்கள், பேப்பர் ஈரத்தில் விரிந்து சுருங்க இடம் வேண்டும். செல்லோடேப் கூடவே கூடாது. பின்பக்கம் ஹார்ட்போர்டு அடைப்பதற்கு முன் படத்துக்கும் அதற்கும் நடுவில் இன்னொரு அமிலமில்லாத போர்டு, ஓரம் முழுக்கப் பேப்பர் டேப். வெள்ளிப்பூச்சி நுழைவது அந்த ஓர இடுக்கு வழியாகத்தான்.

கண்ணாடியா அக்ரிலிக்கா என்றால், 36-க்கு 24 அளவில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே நாலு கிலோவுக்கு மேல் வரும், ஃப்ரேமும் போர்டும் சேர்த்தால் இன்னும் அதிகம். ஒரே ஆணியில் தொங்கவிடாமல் டிரில் போட்டு இரண்டு ஸ்க்ரூ. குழந்தைகள் பந்து விளையாடும் ஹால் என்றால் அக்ரிலிக், கீறல் விழும் என்பதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். எதிரே பால்கனிக் கதவு இருந்தால் சாதாரணக் கண்ணாடியில் கப்பலுக்குப் பதில் காயப்போட்ட துணிதான் தெரியும், பிரதிபலிக்காத மியூசியம் கண்ணாடி அங்கே நியாயமான செலவு, விலை பல மடங்கு என்றாலும். மழைத் தண்ணீர் இறங்குகிற வெளிச் சுவரில் மாட்டாதீர்கள். எந்தச் சுவரானாலும் ஃப்ரேமின் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டிச் சுவருக்கும் அதற்கும் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லையென்றால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். மேற்குச் சன்னல் வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். ஃப்ரேம் மெல்லியதாக, கறுப்பு அல்லது கருந்தேக்கு. தங்க நிறம், கயிறு சுற்றியது, மூலையில் பித்தளை நங்கூரம் வைத்தது இதெல்லாம் ரிசார்ட்டுக்குப் போகட்டும்.

கடைசியாகப் பெயர்ப் பலகை. வையுங்கள், நல்லதுதான், ஆனால் படத்தில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். ‘எம்டன், சிங்டாவ் துறைமுகம்’ என்றும் காப்பகத்தின் பெயரும் எண்ணும் போதும். 22.9.1914 என்ற தேதியைப் போட வேண்டாம், படம் அன்றைக்கு எடுத்ததில்லை. அந்தத் தேதியை அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்றால் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்ற கதையையும் பலகையில் ஏற்ற வேண்டாம். 1914 ஜூலை 31 மாலை அந்தக் கப்பல் சிங்டாவை விட்டுக் கிளம்பியபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார், நடுக்கடலில் ஏற வழியில்லை. இந்தக் கதையை அப்பா நம்புகிறவராக இருந்தால் அதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.